லாரிக்குத் திரும்பிப் போன அம்மோனியா

நெல்லிமரத்தூர்,
ஜவ்வாது மலை.
22.2.1982

வாணியம்பாடி கம்ப்ரஸர் மெக்கானிக் எஸ். ஃபரூக் அவர்களுக்கு, நெல்லிமரத்தூர் புளி உற்பத்தியாளர் சங்கத்தின் எழுத்தர் சாந்தம்மாள் எழுதுவது.

தாங்கள் புதுப்பித்துக் கொடுத்த கம்ப்ரஸர் போன வாரம் ஒரு கீறல்கூட இல்லாமல் மலை ஏறி வந்துவிட்டது. அதை ஓட்ட நாங்கள் நியமித்த ஆபரேட்டர் தாண்டவராயன்தான் மலை இறங்கிவிட்டார்.

எங்கள் குளிர்கிடங்கின் டேங்கில் சோதனைக்காகக் கொஞ்சம் அம்மோனியா முன்பே ஏற்றி வைத்திருக்கிறார்கள். தாண்டவராயன் கம்ப்ரஸரை அதோடு இணைக்கும்போது ஒரு நட்டை இறுக்குவதற்குப் பதில் தளர்த்திவிட்டார். ஒரே ஒரு மூச்சுதான் வெளியே வந்தது. துண்டு ஒரு பக்கம், ஸ்பானர் ஒரு பக்கம் கிடக்க, அவர் ஓடிய ஓட்டம் ஒடுகத்தூர் பஸ்ஸில்தான் போய் நின்றது. "அந்த மூத்திர நாத்தம் புடிச்ச மெஷின் கிட்ட இனிமே என்னைக் கூப்புடாதீங்க" என்று கண்டக்டரிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

அன்று ஊரில் அழாதவர் இல்லை. இரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு வீட்டுக்காரர்கள் ஒரே வேலியைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். மணியம்மாளுக்கு மட்டும் தை மாதத்திலிருந்து இருந்த மூக்கடைப்பு விட்டுவிட்டது. "இன்னொரு வாட்டி தொறந்து காட்டுறியா?" என்று தினமும் வந்து நிற்கிறாள்.

சங்கத்தில் எட்டாம் வகுப்பைத் தாண்டியவள் நான் ஒருத்திதான். ஆகவே தலைவர் தீர்த்தகிரி, "படிச்சவதானே, நீயே பாத்து ஓட்டு" என்று மெஷினை என் தலையில் கட்டிவிட்டார். அம்மோனியா லாரி மார்ச் 5-ம் தேதி வருகிறது. முந்நூறு குடும்பங்களின் புளி இந்தக் கிடங்கை நம்பி மூட்டையில் இருக்கிறது. சித்திரை வெயில் பட்டால் கறுத்துவிடும். கறுத்த புளியைச் செங்கம் வியாபாரிகள் முகர்ந்துகூடப் பார்க்கமாட்டார்கள்.

தாங்கள் ஒருநாள் நேரில் வந்து சொல்லித்தர வேண்டும். காவலூர் போய் டிரங்க் கால் போட்டுப் பார்த்தேன். தாங்கள் "அலோ" என்றீர்கள், நானும் "அலோ" என்றேன், மூன்று நிமிஷம் முடிந்துவிட்டது. அதனால்தான் இந்தக் கடிதம்.

இப்படிக்கு,
சாந்தம்மாள்


786
வாணியம்பாடி
26.2.1982

மதிப்புக்குரிய அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. அந்த "அலோ" நீங்கள்தானா! சம்பந்தி வீட்டு அழைப்பு என்று நினைத்து நானும் மரியாதையாகக் கத்திக்கொண்டிருந்தேன்.

நேரில் வர எனக்கு மிகவும் ஆசை. இடது முழங்கால் ஒத்துழைக்கவில்லை. ஆனால் இதற்கு நான் வரவேண்டிய அவசியமே இல்லை. விளக்கமாக எழுதுகிறேன், படித்துக்கொண்டே செய்யலாம்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இந்த கம்ப்ரஸர் அம்மோனியா திரவத்தைக் கிணற்றுத் தண்ணீர் மாதிரி இறைக்காது. திரவம் உள்ளே புகுந்தால் வால்வுத் தகடெல்லாம் நொறுங்கிவிடும். அது உறிஞ்சுவது ஆவியை மட்டும்தான். உங்கள் டேங்கின் தலைப்பகுதியில் இருக்கும் ஆவியை இழுத்து, லாரி டேங்கின் தலைக்குள் திணிக்கும். அங்கே அழுத்தம் ஏறும். அழுத்தம் ஏறினால் அடியில் கிடக்கும் திரவம் இன்னொரு குழாய் வழியாக உங்கள் டேங்குக்கு ஓடி வந்துதானே ஆக வேண்டும்? அவ்வளவுதான் விஷயம்.

எந்த டேங்கிலிருந்து இழுத்து எதில் திணிக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது நாலுவழி வால்வு. அதன் கைப்பிடியை வலது பக்கம் திருப்புங்கள். மோட்டாரைப் போடுங்கள். ஓரமாக உட்கார்ந்துகொள்ளுங்கள்.

ஒரு கம்பத்தில் துணி கட்டிக் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து வைத்திருக்க வேண்டும். வாடை வந்தால் காற்று போகும் பக்கம் ஓடவே கூடாது, அது துரத்திக்கொண்டு வரும். குறுக்காக ஓடிக் காற்று வரும் பக்கம் போய்விட வேண்டும். பக்கத்தில் இரண்டு தொட்டி தண்ணீர், முகத்துக்கு ஈரத்துணி.

இருபத்தாறு வருஷ அனுபவத்தில் சொல்கிறேன். இதில் தப்பு நடக்க வழியே கிடையாது.

ஃபரூக்


நெல்லிமரத்தூர்
6.3.1982

மெக்கானிக் அவர்களுக்கு,

வழி இருக்கிறது.

தாங்கள் எழுதியபடியே செய்தேன். கம்பத்தில் துணி கட்டினேன். தண்ணீர் வைத்தேன். லாரி டிரைவர் ரங்கசாமி குழாய்களை மாட்டிக் கொடுத்தார். கைப்பிடியை வலது பக்கம் திருப்பி மோட்டாரைப் போட்டேன். மெஷின் அருமையாக ஓடியது. வாடையே இல்லை. மணியம்மாள் ஏமாந்து வீட்டுக்குப் போய்விட்டாள். ஊரே கைதட்டியது. தலைவர் எனக்குக் கழுத்தில் துண்டு போட்டார்.

ஒரு மணி நேரம் கழித்து ரங்கசாமி லாரியின் அளவுமானியைப் பார்த்துவிட்டு வந்து, "இன்னாம்மா இது, என் டேங்குல சரக்கு ஏறிக்கினே கீதே?" என்றார். நான் போய் எங்கள் டேங்கைப் பார்த்தேன். சோதனைக்கென்று இருந்த கொஞ்ச அம்மோனியாவும் அதில் இல்லை. எல்லாவற்றையும் லாரிக்கு ஏற்றி அனுப்பியிருக்கிறோம்.

திரும்பவும் ஓட்டலாம் என்றால் அப்போது பார்த்து மின்சாரம் போய்விட்டது. மலையில் போனால் இரண்டு நாள். ரங்கசாமிக்கு மறுநாள் வேறு ஊரில் லோடு. "இருவது வருஷமா லாரி ஓட்டுறேன். எறக்கப் போன எடத்துல ஏத்திக்கினு வர்றது இதான் மொத தடவை" என்று சொல்லிக்கொண்டே கிளம்பினார். கீழ்வளைவு வரைக்கும் அவர் சிரிப்பது கேட்டது.

போட்ட துண்டைத் தலைவர் திரும்ப வாங்கிக்கொண்டார்.

எனக்கு ஒன்றுதான் தெரிய வேண்டும். தாங்கள் வலது பக்கம் என்று எழுதியது யாருடைய வலது பக்கம்?

சாந்தம்மாள்


786
வாணியம்பாடி
11.3.1982

அம்மா,

யாருடைய வலது பக்கமா? மெஷின் ஓட்டுகிறவரின் வலது பக்கம்! நீங்கள் எங்கே நின்றீர்கள்? மோட்டார் இருக்கும் பக்கம் நின்றிருந்தால் இந்தப் பிசகு வந்தே இருக்காது. நீங்கள் எண்ணெய் பார்க்கும் கண்ணாடி பக்கம் நின்றிருக்கிறீர்கள். அங்கே யாராவது நிற்பார்களா? என் பட்டறையில் வேலை கற்க வந்த எவனும் அங்கே நின்றதில்லை.

என் மெஷின் மேல் ஒரு குற்றமும் இல்லை என்பதைச் சங்கத் தலைவருக்கு எடுத்துச் சொல்லவும். சொன்ன வேலையை அது சுத்தமாகச் செய்திருக்கிறது. ஒரு சொட்டுகூட மிச்சம் வைக்காமல் எடுத்துக் கொடுத்திருக்கிறதே, வேறு எந்த மெஷின் செய்யும்?

உங்கள் கடிதத்தை ஜாஹிதாவிடம் படித்துக் காட்டினேன். ஜாஹிதா என் மனைவி. "அந்தப் பொம்பளை இன்னா தப்பு பண்ணுச்சு? நீங்க நேர்ல போயிருந்தா கையைக் காட்டிச் சொல்லியிருக்கலாம்ல?" என்கிறாள். அவளுக்கு என் வலது முழங்காலின் நிலைமை தெரியாது. போதாக்குறைக்கு உங்கள் மலை வளைவுகளில் பஸ் திரும்பினால் எனக்குக் குமட்டல் வரும்.

தெளிவாக ஒரு படம் வரைந்து ஆலங்காயம் பஸ் கண்டக்டர் கையில் கொடுத்திருக்கிறேன். அடுத்த லாரி எப்போது?

ஃபரூக்


நெல்லிமரத்தூர்
16.3.1982

ஃபரூக் பாய் அவர்களுக்கு,

படம் வந்து சேர்ந்தது. நன்றாகவே வரைந்திருக்கிறீர்கள். ஆனால் எது மேல், எது கீழ் என்று குறிக்கவில்லை. தலைவர் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் எனக்கு விளக்கினார்.

இனி வலது, இடது என்ற பேச்சே வேண்டாம். தாங்கள் எழுதியதை வைத்து எது எது என்று கண்டுபிடித்து, வால்வில் கைப்பிடியின் ஒரு பக்கம் புளியங்காயும் மறுபக்கம் லாரியும் பெயிண்டில் வரைந்துவிட்டேன். புளியங்காய் பக்கம் திருப்பினால் சரக்கு எங்களுக்கு. லாரி பக்கம் திருப்பினால் ரங்கசாமிக்கு. யார் எங்கே நின்று பார்த்தாலும் சரிதான். கண்ணாடி இருக்கும் பக்கம்தான் மெஷினுக்கு முகம் மாதிரி இருக்கிறது. முகத்தைப் பார்த்து நிற்காமல் முதுகுப்பக்கம் போய் நிற்பது எங்கள் ஊரில் மரியாதை இல்லை.

இப்போது முழங்கால் விஷயம். முதல் கடிதத்தில் இடது முழங்கால் என்றீர்கள், அடுத்ததில் வலது. படம் கொண்டுவந்த கண்டக்டரிடம், "பாவம், அந்த பாய்க்கு நடக்கவே முடியலையாமே" என்றேன். "எந்த பாய்? ஓடற பஸ்ஸுல தொத்தி ஏறிப் படத்தைக் குடுத்துட்டு, ஓடற பஸ்ஸுலயே குதிச்சு எறங்கினாரே, அவரா?" என்றார்.

பாய், தாங்கள் செய்து கொடுத்த மெஷினில் ஒரு குறையும் இல்லை. தாங்கள் ஏன் அதன் பக்கத்தில் வரமாட்டேன் என்கிறீர்கள்?

ஏப்ரல் 10-ம் தேதி லாரி மறுபடி வருகிறது. அதை விட்டால் சித்திரை. நேற்று குப்பம்மா என்பவள் தன் மூட்டையைப் பிரித்துக் காட்டினாள். மேல்சுளைகள் லேசாக நிறம் மாறத் தொடங்கிவிட்டன. மகளுக்கு ஆவணியில் கல்யாணம் வைத்திருக்கிறாள். "குளுருல வெச்சா செவப்பு போவாதுன்னு நீதானே சொன்ன?" என்று கேட்டாள். நான்தான் சொன்னேன். வீடு வீடாகப் போய்ச் சொல்லி எல்லாரையும் கையெழுத்து போட வைத்ததும் நான்தான்.

வரமுடியாது என்றால் காரணத்தையாவது உண்மையாக எழுதுங்கள்.

சாந்தம்மாள்


786
வாணியம்பாடி
22.3.1982

சாந்தம்மாளுக்கு,

இதை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். முழங்கால் இரண்டும் நன்றாகத்தான் இருக்கின்றன.

1976-ல் ஒரு ஐஸ் பேக்டரியில் வேலை பார்த்தேன். கூட அருணகிரி. பதினொரு வருஷம் ஒன்றாகவே வேலை செய்தோம். என் சோற்றை அவன் தின்பான், அவன் பீடியை நான் பிடிப்பேன். ஒருநாள் மதியம் அம்மோனியா குழாய் ஒன்று வெடித்தது. நான் முன்வாசல் பக்கம் இருந்தேன், அவன் டேங்குக்குப் பின்னால் இருந்தான். வெள்ளைப் புகை. கண் தெரியவில்லை. அவன் பெயரைச் சொல்லி ஒரு தடவை கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. ஓடினேன். ரயில்வே கேட் வரைக்கும் திரும்பிப் பார்க்காமல் ஓடினேன்.

ஒரு மாதம் அவன் ஆஸ்பத்திரியில் கிடந்தான். பிழைத்துவிட்டான். இப்போது ஒடுகத்தூரில் டீக்கடை வைத்திருக்கிறானாம். நான் போய்ப் பார்க்கவில்லை. எந்த முகத்தோடு போவேன்? அவனும் எனக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பவில்லை. அதிலிருந்தே அவன் மனசு தெரிகிறது.

அன்றிலிருந்து காலி மெஷின்களைத்தான் தொடுகிறேன். பட்டறையில் கழற்றுவேன், பூட்டுவேன், காற்றடித்துச் சோதிப்பேன். அம்மோனியா நிறைந்த குழாய் பக்கம் போவதே இல்லை. ஊரில் எல்லோரும் என்னைப் பெரிய மெக்கானிக் என்கிறார்கள். ஜாஹிதாவுக்குக்கூட நேற்றுதான் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். கூட ஒரு கரண்டி சோறு போட்டாள். அது திட்டியதைவிடக் கஷ்டமாக இருந்தது.

வேறு ஆளைப் பாருங்கள். வேலூரில் தெரிந்தவர்கள் இருவர் இருக்கிறார்கள், விலாசம் பின்னால் எழுதியிருக்கிறேன்.

ஃபரூக்


நெல்லிமரத்தூர்
3.4.1982

ஃபரூக் அண்ணனுக்கு,

அந்த இரண்டு பேருக்கும் எழுதினேன். ஒருவர் வரமாட்டாராம். இன்னொருவர் போன வருஷமே இறந்துவிட்டாராம், மகன் பதில் போட்டிருக்கிறார்.

தாண்டவராயன் எதற்கும் பயப்படாதவர். வேலைக்குச் சேரும்போது தலைவரிடம் அப்படித்தான் சொன்னார். நான் தினமும் பயந்துகொண்டுதான் அந்தக் கொட்டகைக் கதவைத் திறக்கிறேன். என்னை மாதிரி பயப்படுகிற ஆள் ஒருவர் பக்கத்தில் இருந்தால் எனக்கு நல்லது. எதற்குப் பயப்பட வேண்டும் என்பதாவது அவருக்குத் தெரிந்திருக்கும்.

அண்ணன் எதையும் தொட வேண்டாம். கொட்டகைக்குக் கீழே, ஒரு கூப்பிடு தூரத்தில் பலாமரம் இருக்கிறது. அங்கே நின்று, நான் தப்பாக எதையாவது செய்தால் சத்தம் போடுங்கள், போதும். மத்தியானம் சாமைச் சோறு, தட்டப்பயறு குழம்பு. அண்ணி வந்தாலும் சந்தோஷம்.

10-ம் தேதி காலை ஒன்பது மணி.

சாந்தம்மாள்


நெல்லிமரத்தூர்
12.4.1982

அண்ணனுக்கு,

மாலை வாங்கக் காவலூருக்கு ஆள் அனுப்பியிருந்தோம். அவன் வருவதற்குள் பஸ் ஏறிப் போய்விட்டீர்கள். மாலையை வீணாக்க வேண்டாம் என்று தலைவர் கம்ப்ரஸருக்குப் போட்டிருக்கிறார். முகத்துப் பக்கம்தான்.

டேங்க் நிறைந்துவிட்டது. நேற்று இரவிலிருந்து கிடங்கு குளிர்கிறது. குப்பம்மாவின் மூட்டைகளை முதல் வரிசையில் அடுக்கினோம்.

சங்கத் தீர்மானப் புத்தகத்தில் அன்று நடந்ததை எழுத வேண்டும். நான் பார்த்ததை எழுதுகிறேன், பிழை இருந்தால் திருத்தி அனுப்புங்கள்.

பதினோரு மணிக்கு எங்கள் டேங்க் பக்கத்துக் குழாய் இணைப்பில் வாஷர் பிய்த்துக்கொண்டது. வெள்ளையாகச் சீறியது. காற்று லாரிப் பக்கமிருந்து கீழே பலாமரத்தை நோக்கி அடித்துக்கொண்டிருந்தது. ஜனங்கள் காற்றோடு சேர்ந்து கீழே ஓடினார்கள். மணியம்மாள்தான் முன்னால். நான் மோட்டாரை நிறுத்திவிட்டேன். லாரியின் வால்வை மூட வேண்டும் என்று தெரியும், ஆனால் கண் திறக்க முடியவில்லை. எந்தப் பக்கம் லாரி என்றே தெரியவில்லை. அப்போது "சாந்தம்மா! சாந்தம்மா!" என்று ஒரு குரல் கேட்டது. மேல்பக்கமிருந்து. அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். காற்று சுத்தமாக இருந்த இடத்தில் வந்து விழுந்தபோது நீங்கள் வால்வை மூடி முடித்திருந்தீர்கள். என் தலையில் ஒரு தொட்டித் தண்ணீரையும் கொட்டினீர்கள். பிறகு ரங்கசாமியைப் பார்த்து, "வாஷர் மாத்தி எத்தினி வருஷம் ஆவுது?" என்று ஆரம்பித்துத் திட்டினீர்கள். அதில் உருது வார்த்தைகள் எனக்குப் புரியவில்லை. ரங்கசாமிக்குப் புரிந்தது போலிருக்கிறது, உடனே புது வாஷர் மாட்டிவிட்டார்.

"மெக்கானிக் ஃபரூக் அவர்கள் உயிரைத் துச்சமாக மதித்து, விஷவாயுவை எதிர்த்துப் பாய்ந்து" என்று எழுதச் சொல்கிறார் தலைவர். எழுதலாமா?

சாந்தம்மாள்


786
வாணியம்பாடி
25.4.1982

தங்கச்சிக்கு,

எழுதாதே.

நடந்தது இதுதான். வெள்ளைப் புகையைப் பார்த்ததும் நான் ஓடினேன். தப்பிக்கத்தான் ஓடினேன். வாடை வந்தால் குறுக்கே ஓடிக் காற்று வரும் பக்கம் போக வேண்டும் என்று இருபத்தாறு வருஷமாகச் சொல்லிச் சொல்லி, யோசிக்காமலே கால் அப்படித்தான் போனது. போய் நின்றால் எதிரே ரங்கசாமியின் லாரி, கைக்கு எட்டும் தூரத்தில் வால்வு. லாரி வேறு பக்கம் நின்றிருந்தால் நான் வேறு பக்கம்தான் நின்றிருப்பேன்.

ஒன்றே ஒன்றை மட்டும் வேண்டுமானால் எழுதிக்கொள். அங்கே நின்று திரும்பிப் பார்த்தேன். புகைக்குள் உன் புடவை தெரிந்தது. கூப்பிட்டேன். பயந்துகொண்டேதான் வால்வை மூடினேன்.

போன வியாழக்கிழமை ஒடுகத்தூர் போனேன். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே அவன் கடை. ஆறு வருஷத்தில் அவனுக்கு முடியெல்லாம் நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் டீ ஆற்றிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டான். சரி, போகச் சொல்கிறான் என்று நினைத்தேன். வந்ததற்குச் சொல்லிவிட்டுப் போவோம் என்று நின்ற இடத்திலேயே சொன்னேன். "அருணகிரி, அன்னிக்கி நான் உன்னை விட்டுட்டு ஓடிட்டேன்."

அவன் மெல்லத் திரும்பினான். "இன்னா சொன்ன?"

மறுபடியும் சொன்னேன்.

"நீ எப்ப ஓடின?"

"வெடிச்ச உடனே. முன்வாசல் வழியா."

டீ கிளாஸைக் கீழே வைத்தான். "அட பாவி! நான் பின்வாசல் வழியா ஓடினேன்டா. நீ உள்ள கெடக்கிறன்னு நெனச்சிக்கினு ஓடினேன். காத்து போற பக்கமே ஓடித் தொலைச்சேன், அதான் பொகை புடிச்சுக்கினு கீழ வுழுந்தேன். ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சதும் மொதல்ல உன்னைத்தான் கேட்டேன். உசுரோட கீறன்னாங்க. அதுக்கப்புறம் உன் மூஞ்சில முழிக்க எனக்குத் தைரியம் வரலை" என்றான்.

டீ குடிக்க வந்தவர்கள் எல்லாம் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் இருவரும் சிரிக்கத் தொடங்கினோம். அவனுக்குச் சிரித்தால் இருமல் வருகிறது. இருமினான், சிரித்தான், மறுபடி இருமினான். அவன் பெண்சாதி முத்தம்மாள் உள்ளேயிருந்து ஓடிவந்து, யாரோ கடனைத் திருப்பிக் கேட்கிறார்கள் என்று நினைத்து என்னோடு சண்டைக்கு வந்தாள்.

மூணு மணி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தேன். அருணகிரி என் சட்டையைப் பிடித்து இழுத்தான். "எங்க, மறுபடியும் ஓடுறியா?"

உட்கார்ந்துவிட்டேன். மூணு மணி பஸ் போனது. அதற்கடுத்த பஸ்ஸும் போனது.

ஃபரூக்